வயிற்று ரிப்போர்ட்டை மீன் ஆய்வது போல ஆய்ந்து படிப்பது எப்படி?

பாம்பனில் எங்கள் தெருவில் யாருக்கு வயிற்றில் என்ன வந்தாலும் அதற்கு இரண்டே பெயர்கள்தான்: கேஸ், இல்லாவிட்டால் அல்சர். ராமநாதபுரம் போய் எண்டோஸ்கோப்பி (வாய் வழியே குழாய்க் கருவியை விட்டு வயிற்றின் உள்ளே பார்க்கும் சோதனை) எடுத்துத் திரும்பும்போது கையில் இருக்கும் தாளிலோ பெரும்பாலும் இந்த இரண்டு சொல்லும் இருக்காது. போன மாதம் பக்கத்து வீட்டு மதினி அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, நெகட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள். இனி அவ்வளவுதானா?" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

அவருடைய தாளை வைத்தே படிக்கப் பழகுவோம்.

படி 1: அடியிலிருந்து தொடங்குங்கள்

மேல்பாதியில் உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் என்று கருவி போன வழியெல்லாம் எழுதியிருக்கும். அதைப் படித்துக் குழம்ப வேண்டாம். முடிவு 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பின்கீழ் அடியில் இருக்கும். மதினியின் தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'மைல்டு ஆன்ட்ரல் காஸ்ட்ரைட்டிஸ், ஆர்.யு.டி. நெகட்டிவ்'.

படி 2: தலை வேறு, வால் வேறாக நறுக்குங்கள்

நீளமான மருத்துவச் சொற்களில் பல கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டவைத்துச் செய்தவை. தலையில் உறுப்பு இருக்கும், வாலில் அதற்கு நேர்ந்தது இருக்கும். காஸ்ட்ரோ என்றால் இரைப்பை, ஹெப்படோ கல்லீரல், என்ட்ரோ குடல், கோலோ பெருங்குடல், கோலே பித்தம். கடைசி இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், கவனம். வால் பக்கம் வந்தால் ஐட்டிஸ் என்பது அழற்சி (சிவந்து வீங்குவது), மெகலி பெருத்துப்போனது, எக்டமி வெட்டி எடுப்பது, ஸ்கோப்பி உள்ளே பார்ப்பது.

பாறை மீனை ஆயும்போது பித்து உடைந்துவிட்டால் குழம்பே கசந்துவிடும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஈரலோடு ஒட்டிக்கிடக்கும் அந்தப் பச்சைப் பையை விரல் நுனியால் மெல்ல எடுத்து வீசுவோம் அல்லவா? அதே பையை மனித வயிற்றிலிருந்து எடுத்தால் அதற்குப் பெயர் கோலிசிஸ்டெக்டமி. கோலே பித்தம், சிஸ்ட் பை, எக்டமி வெட்டி எடுப்பது. நறுக்கிப் பார்த்தால் பயம் போய்விடுகிறது.

இப்போது மதினியின் சொல்லுக்கு வருவோம். காஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பையின் உட்சுவரில் அழற்சி. ஆன்ட்ரல் என்றால் இரைப்பையின் கீழ்ப்பகுதியில். அல்சர் வேறு: அது அந்தச் சுவரில் குழியாக விழுந்த புண். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் பழக்கம், டாக்டருடையது அல்ல.

படி 3: சின்னச் சொற்களில் ஏமாறாதீர்கள்

பெரிய சொற்களைவிட இவைதான் ஆளைக் கவிழ்க்கின்றன. 'நெகட்டிவ்' என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். ஆர்.யு.டி. என்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைத் தேடும் சோதனை. இரைப்பையிலிருந்து எடுத்த துளிச் சதையை மஞ்சள் நிறப் பசையில் வைப்பார்கள். கிருமி இருந்தால் பசை இளஞ்சிவப்பாக மாறும். மதினிக்கு மாறவில்லை. அதாவது, அவர் அழுதது நல்ல செய்திக்காக!

(இந்தக் கிருமி இரைப்பையைக் கெடுக்கும் என்பதை நிரூபிக்க, 1984இல் ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் அதை வளர்த்துத் தானே குடித்துப் பார்த்தார். 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். துணிச்சல்காரர்தான், யாரும் பின்பற்ற வேண்டாம்.)

'அக்யூட்' என்றால் திடீரென வந்தது, 'கிரானிக்' என்றால் நாள்பட்டது. எது ஆபத்து என்பதை இந்தச் சொற்கள் சொல்வதில்லை. 'மைல்டு' என்றால் லேசானது. ஸ்கேன் தாளில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று வந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, அதுவும் தொடக்க அளவில் என்று பொருள்.

படி 4: உங்கள் சொல்லையும் பிரித்துச் சொல்லுங்கள்

டாக்டரிடம் 'கேஸ்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நெஞ்சு எரிகிறதா, சாப்பிட்டது எதுக்களித்து வாய்க்கு வருகிறதா, வயிறு உப்புகிறதா, விழுங்கும்போது தொண்டையில் அல்லது நெஞ்சில் நிற்கிறதா? ஒவ்வொன்றுக்கும் மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. விழுங்கச் சிரமப்படுவது டிஸ்ஃபேஜியா. விடியலில் படகேறிப் பட்டினியாக வலை இழுப்பவர்கள் எந்த நேரத்தில் வலிக்கிறது, சாப்பிட்டால் குறைகிறதா கூடுகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அதைக் கேஸ் என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டு சொற்களுக்கும் அதே அவசரம்தான்: 'மெலினா', தார் போல் கருத்து மலம் போவது; 'ஹெமட்டெமிசிஸ்', ரத்த வாந்தி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், ஆகவே அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 5: மருந்துச் சீட்டு

ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த மதினி தாளை மடித்துக்கொண்டே, "அப்படியானால் ராத்திரிக்கு நண்டுக் குழம்பு வைக்கலாமா?" என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. டாக்டரிடமே கேட்கச் சொல்லி அனுப்பினேன்.