புளியங்கொட்டைய வச்சு ப்ராபபிலிட்டி பழகலாம் வாங்க

ரங்கூன்ல ஃபர்ஸ்ட் இயர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிற நம்ம புள்ளைங்களுக்கு சனி ஞாயிறுல வீட்டுல வச்சு சொல்லிக் கொடுக்குறேன். புத்தகத்துல எங்க பாத்தாலும் நாணயம் சுண்டுற கணக்குதான், ஆனா இங்க நாணயத்த கையில வாங்கிப் பாத்த புள்ளைங்களே கம்மி, எல்லாம் கியாட் நோட்டு. அதனால நான் முதல்ல கேக்குறது, வீட்டுல புளி இருக்கா?

நாலு புளியங்கொட்டை எடுத்து, பாட்டிங்க தாயம் ஆட தேய்ப்பாங்களே அது மாதிரி, சிமெண்ட் தரையில ஒரு பக்கம் வெள்ளையா தெரியுற வரைக்கும் தேய்ங்க. உடனே உருட்டிடாதீங்க, முதல்ல நோட்டுல எழுதணும். ஒரு கொட்டைக்கு ரெண்டு வழி, நாலு கொட்டைக்கு 2×2×2×2 = 16 வழி, அந்த 16-ஐயும் வெ (வெள்ளை), க (கருப்பு)-ன்னு போட்டு வரிசையா எழுதுங்க. சலிப்பாத்தான் இருக்கும், ஆனா இத கையால எழுதாம ஃபார்முலாவுக்கு ஓடுன புள்ளைங்கதான் பரீட்சையில கேள்விய கொஞ்சம் மாத்திப் போட்டா முழிக்குதுங்க. வெள்ளையே விழாதது 1, ஒரு வெள்ளை 4, ரெண்டு வெள்ளை 6, மூணு 4, நாலும் வெள்ளை 1. இப்ப எக்ஸ்பெக்டட் வேல்யூ, அதாவது ஒவ்வொரு மதிப்பையும் அதோட நிகழ்தகவால (ப்ராபபிலிட்டி, இங்க 16-ல எத்தன வழியோ அது) பெருக்கி எல்லாத்தையும் கூட்டுறது. 0×1 + 1×4 + 2×6 + 3×4 + 4×1 = 32, அத 16-ஆல வகுத்தா 2.

இனிமே உருட்டுங்க, 100 தடவ, ஒவ்வொரு தடவையும் எத்தன வெள்ளைன்னு கோடு போட்டு வைங்க. சராசரி 2 வராது, 1.6 வரும், 2.3 வரும், போன மாசம் ஒரு பொண்ணு தன் கணக்கு தப்புன்னு நினைச்சு அழுற மாதிரி ஆயிடுச்சு. கணக்கு தப்பில்லம்மா, ரெண்டு பக்கமும் சமமா விழும்னு நாம நினைச்சதுதான் தப்பு, தேய்ச்ச பக்கம் தட்டையாப் போயிருக்குல்ல. அப்போ ஒவ்வொரு கொட்டையையும் தனியா 100 தடவ உருட்டிப் பாக்கணும். வெள்ளை 42, 38, 45, 40-ன்னு வந்துச்சுன்னு வைங்க, 0.42 + 0.38 + 0.45 + 0.40 = 1.65. எக்ஸ்பெக்டட் வேல்யூவ இப்படி ஒன்னொன்னா எடுத்துக் கூட்டிக்கலாம், எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

எடுத்தத திரும்பப் போடாத கணக்குக்கு டீக்கடை சமோசா போதும். தட்டுல 5 சமோசா, 3 உருளைக்கிழங்கு, 2 கடலைப்பருப்பு, பாக்காம ரெண்டு எடுத்தா ரெண்டுமே உருளைக்கிழங்கா இருக்க 3/5 × 2/4 = 3/10. ரெண்டாவது எடுக்கும்போது தட்டுல 4-தான் இருக்குங்கிறத மறக்காதீங்க.

அடுத்தது நம்ம தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச டூடி, அதாவது ரெண்டு இலக்க நம்பர் மேல காசு கட்டுற ஆட்டம். சட்டப்படி கூடாத ஆட்டம், ஆனாலும் தாய்லாந்து பங்குச் சந்தை நம்பர் வர்ற நேரம் எல்லார் கண்ணும் ஃபோன்லதான். 00-ல இருந்து 99 வரைக்கும் 100 நம்பர், விழுந்தா 80 மடங்கு. 1000 கியாட் கட்டுனா என்ன ஆகும்? கணக்கு போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும், ஜெயிச்சா கட்டுன காசு தனியா திரும்ப வருமா? வராது, அந்த 80,000-லயே அடங்கிடும். அப்போ கையில நிக்கிற லாபம் 79,000. 79,000 × 0.01 = 790, போறது 1000 × 0.99 = 990, வித்தியாசம் மைனஸ் 200. நிறைய பேர் 80,000-ஐயே லாபமா எடுத்து 800 − 990 = மைனஸ் 190-ன்னு எழுதுறாங்க, அந்த 10 கியாட்டுலதான் மார்க் போகுது. சரி பாக்க சுருக்கு வழி, 80,000 × 0.01 = 800, அதுல கட்டுன 1000-ஐக் கழிங்க, அதே மைனஸ் 200 வரணும்.

மைனஸ் 200-ன்னா ஒவ்வொரு தடவையும் 200 போகும்னு அர்த்தமில்ல, ஒரு தடவையில ஒன்னு 1000 போகும், இல்ல 79,000 வரும், 200 ரொம்ப தடவ ஆடுனா வர்ற சராசரி. எங்க சின்னம்மா ஒரே நம்பர மாசம் முழுக்க கட்டுவாங்க, ரொம்ப நாளா வரல அதனால வந்தே தீரும்னு சொல்லுவாங்க, ஆனா நேத்து வந்தது இன்னைக்கு வர்றதுக்கு ஒன்னும் செய்யாது. 20 நாள், நாளுக்கு ரெண்டு தடவ, மொத்தம் 40. ஒரு தடவையாவது விழ 40 சதவீதம் இருக்குன்னு கூட்டிப் போடாதீங்க, ஒரு தடவ கூட விழாத நிகழ்தகவ எடுங்க, 0.99-ஐ 40 தடவ பெருக்குனா சுமார் 0.67, ஒன்னுல இருந்து கழிச்சா 0.33. அவங்க கட்டுறது 40,000, சராசரியா போறது 8000. சின்னம்மா பக்கத்துல உக்காந்து இத நோட்டுல போட்டுக் காட்டினேன், அந்த 0.67-ஐ மட்டும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

இந்தக் கணக்கோட வேரே சூதாட்டம்தான், பாதியில நிறுத்துன ஆட்டத்துல பணத்த எப்படிப் பிரிக்கிறதுன்னு 1654-ல பாஸ்கால், ஃபெர்மான்னு ரெண்டு ஃபிரெஞ்சு கணக்கு மேதைங்க மாத்தி மாத்தி லெட்டர் எழுதிக்கிட்டாங்க.

இந்த வாரத்துக்கு ஒன்னு நீங்களே போடுங்க, மூணு நம்பர் ஆட்டம், 000-ல இருந்து 999, 500 மடங்குன்னு வைங்க, 1000 கியாட் கட்டுறீங்க, ரெண்டு வழியிலயும் போட்டு மைனஸ் 500 வருதான்னு பாருங்க.