மீட்ட நாய்க்கு அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாதவை

பட்டினியிலும் சங்கிலியிலும் கிடந்த நாயை மீட்டு வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அலட்சியத்தால் நேர்வன அல்ல. அதற்கு இதுவரை கிடைக்காததையெல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டும் என்ற பரிவால் நேர்வன.

அவற்றுள் உயிருக்கே ஆபத்தாக முடிவது உணவு. பல நாள் பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே பிழைத்திருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து மிகுந்த உணவு திடீரென வயிற்றை நிறைத்தால், இன்சுலின் பெருகி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் செலுத்திவிடுகிறது. இரத்தத்தில் இவற்றின் அளவு சரிந்தால் தசைகள் தளர்ந்து, மூச்சு திணறி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்நிலை, இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட மனிதர்களிடமும் காணப்பட்டது. உணவு கொடுக்கத் தொடங்கிய முதல் சில நாள்களில் இது தலைகாட்டும் என்பதால், ஆவலாகச் சாப்பிட்ட நாய் மூன்றாம் நாள் துவண்டு கிடந்தால் வேறு நோய் என்று எண்ணிக் காலம் கடத்தக் கூடாது.

உணவின் அளவை நாயின் இப்போதைய எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும். அந்த இனத்து நாய்க்கு இருக்க வேண்டிய எடையைக் கொண்டு அல்ல. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோகலோரி தேவைப்படும். கடுமையாக மெலிந்திருந்தால் முதல் நாள் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதையும் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுவருவது வழக்கம். இரத்தப் பரிசோதனையும் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையும் இல்லாமல் இதில் இறங்குவது நல்லதல்ல.

வீட்டு அலமாரியிலிருந்து மருந்து எடுத்துக் கொடுப்பதும் இதே வகைத் தவறுதான். மனிதர்களுக்கான வலி மாத்திரையான இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. நாய் அதை நக்கி விழுங்கும், தோல் வழியாகவும் நஞ்சு ஏறும். சொறியில் ஒரு வகை மனிதருக்கும் தொற்றும், இன்னொரு வகை தொற்றாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது என்று தெரியும். வீட்டில் வேறு நாய்கள் இருந்தால், புதிய நாயைக் குறைந்தது இரண்டு வாரங்களாவது தனியே வைத்திருக்க வேண்டும். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்பதால், பாத்திரங்களையும் விரிப்புகளையும் கூடப் பொதுவில் வைக்கலாகாது. முதல் நாளே குளிப்பாட்டி, முன்பும் பின்பும் என்று படம் எடுப்பது பெரும்பாலும் நமக்காகச் செய்வது. காயமோ கடும் அசுத்தமோ இல்லையென்றால் குளியல் சில நாள் காத்திருக்கலாம்.

உடலைவிட மெதுவாகத் தேறுவது மனம். மூலையில் அசையாமல் படுத்து, தொட்டாலும் தூக்கினாலும் எதிர்ப்புக் காட்டாத நாயைப் பார்த்து ‘எவ்வளவு சாது’ என்று மகிழ்வோர் பலர். அது பெரும்பாலும் சாந்தம் அல்ல. அச்சத்தில் உறைந்துபோன நிலை. அந்த நம்பிக்கையில் உறவினர்களை அழைத்துக் காட்டுவதும், குழந்தைகளைக் கட்டிக்கொள்ள விடுவதும், சில வாரங்களில் உறைநிலை கலைந்து நாய் தன் அச்சத்தை வெளிக்காட்டத் தொடங்கும்போது ‘குணம் மாறிவிட்டது’ என்று திருப்பி அனுப்புவதும் வருந்தத்தக்க அளவுக்குச் சாதாரணமாக நடக்கின்றன. குனிந்து தலைக்கு மேல் கை நீட்டாமல், கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் அமர்ந்து, அதுவாக அருகில் வரும்வரை விட்டுவிடுவதே போதும். மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் ஒழுங்கு பழகும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையது என்று உணரும் என்று நாய்களை மீட்பவர்கள் சொல்லும் கணக்கு ஒரு தோராயம்தான். நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட நாய்க்கு ஓராண்டும் ஆகலாம்.

உறுமலுக்குத் தண்டிக்கவே கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். பசியை அறிந்த நாய் தட்டைக் காப்பது இயல்பு என்பதால், அது உண்ணும்போது தட்டை எடுத்துப் ‘பழக்கும்’ வேலையைக் கைவிட்டு, தொலைவிலிருந்தே இன்னும் சுவையான ஒரு துண்டை எறிந்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மனிதர் வந்தால் உணவு கூடும், குறையாது என்பதை அது அப்படித்தான் அறிந்துகொள்ளும்.

புதிய வீட்டுக்கு வந்த நாய் கதவிடுக்கில் நழுவி ஓடித் தொலைவது முதல் நாள்களில்தான் மிகுதி. கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு இணைத்தே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தவறிப்போனால் பெயர் சொல்லிக் கூவித் துரத்துவது அதை இன்னும் தூரம் ஓட்டும். எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, உணவின் வாசனையைப் பரவ விடுவது பலன் தரும். விடுப்பு எடுத்து இரவும் பகலும் கூடவே இருந்துவிட்டு ஒரு காலையில் திடீரென வேலைக்குப் போய்விடுவதும் தவறு. தொடக்கத்திலிருந்தே சில நிமிடங்கள் தனித்திருக்கப் பழக்கினால் பிரிவுப் பதற்றம் குறையும்.

கடைசியாக, நாயைக் கொடுக்கும் பக்கத்தின் தவறு. சோகக் கதையைப் பரப்பி இரக்கத்தைத் திரட்டுவது எளிது, ஆனால் இரக்கத்தால் வந்தவர் எல்லோரும் அந்த நாய்க்கு ஏற்றவர் அல்லர். பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குமா, பூனையைத் துரத்துமா, ஆண்களைக் கண்டால் ஒடுங்குமா என்பவற்றைத் தற்காலிகமாகப் பராமரித்தவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். தத்தெடுப்பு ஒப்பந்தத்தில், எப்போது ஒத்துவராமல் போனாலும் நாயைத் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இருக்க வேண்டும்.