சலூனில் ஒரு பிபி மெஷின்

தாராவி 90 அடி ரோடு பக்கம் எங்கள் ஆட்களிடம் பிரஷர் பாருங்கள் என்றால் ஒரே பதில்தான்: "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்றால் நம்ப மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் கூலியும் போய்விடும்.

அதனால் தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்கினோம். சங்கத்தில் வைக்கலாம் என்றார்கள் சிலர். அங்கே போனால் பீரோவுக்குள் பூட்டிவிடுவார்கள் என்று சொல்லி, அண்ணாச்சியின் சலூனில் வைத்தோம். ஞாயிறு காலையில் ஆம்பிளைகள் எப்படியும் அங்கேதான் காத்திருப்பார்கள்.

முதலில் பலருக்கும் கூடுதலாகக் காட்டியது. மெஷின் கோளாறு என்று ஒரே சண்டை. கோளாறு பார்த்த விதத்தில்தான்: பீடியை அணைத்த கையோடு, பேசிக்கொண்டே, சட்டைக்கு மேலே பட்டையைச் சுற்றினால் அப்படித்தான் வரும். இப்போது டீ, பீடி விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். (பேச்சை நிறுத்த வைப்பதுதான் பெரும்பாடு.)

140/90, அதற்கு மேல் என்று வாராவாரம் வந்தால் அளவை எழுதி வைத்த நோட்டோடு டாக்டரிடம் அனுப்புகிறோம், துணைக்கு ஒருவர் போவார். மாத்திரைப் பெயரை நாங்கள் யாரும் சொல்வதில்லை. உப்பு விஷயத்தில்தான் இன்னும் தகராறு. நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை விட எங்கள் நெல்லைக்காரர்கள் தயாராக இல்லை.