தனியா ஒருத்தர் வாசிக்கிற கிட்டார் லைவ் ரெக்கார்டிங்க எப்படி கேக்கணும்

முதல்ல ஹெட்போன் போடுங்க, போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாதி விஷயம் காணாமப் போயிடும். சவுண்ட ரொம்ப ஏத்தாதீங்க, அதே ரூம்ல ஒருத்தர் உக்காந்து வாசிச்சா எவ்ளோ கேக்குமோ அவ்ளோ போதும்.

அப்புறம் விரல கவனிங்க. கோர்டு (ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்க) மாத்தும்போது தடிச்ச கம்பில விரல் உரசி ஒரு கீச் சத்தம் வரும் பாருங்க, ஸ்டுடியோல பல நேரம் அத குறைச்சிடுவாங்க, லைவ்ல அப்படியே இருக்கும், எனக்கு அதுதான் உயிரு. கட்டைவிரல் கீழ் ஸ்வரத்த விடாம தட்டிக்கிட்டே இருக்கும், மத்த விரலுங்க மெட்ட எடுக்கும், ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரியே தோணும், அதனால ஒரு தடவ முழுக்க கட்டைவிரல மட்டும் கேளுங்க, அடுத்த தடவ மெட்டு.

நடுவுல ட்யூனிங், அதாவது கம்பிங்களோட சுருதி, மாத்துறத ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ். 1960கள்ல பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பிரபலமாக்கின டி-ஏ-டி-ஜி-ஏ-டி (ஆறு கம்பியோட ஸ்வரப் பேரு) ட்யூனிங்குக்கே வழக்கமான ட்யூனிங்லேர்ந்து மூணு கம்பியோட சுருதிய இறக்கணும், அந்த மாதிரி நேரத்துலதான் வாசிக்கிறவங்க மனசு விட்டு பேசுவாங்க, யாரோ இருமுவாங்க, எங்கயோ நாற்காலி நகரும்.

கடைசி ஸ்வரம் அடங்கி கைதட்டல் வர்றதுக்குள்ள ஒரு ரெண்டு செகண்ட் அமைதி இருக்கும், அதுக்குள்ள அடுத்த ட்ராக்குக்கு தாவிடாதீங்க.