வெற்றுப் பக்கத்தை அழிக்கும் முன்: நீண்ட ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வேர்டில் 182 பக்கம்தானே காட்டியது, பி.டி.எஃப்பில் 186 எப்படி வந்தது?” திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் ஆய்வேடு அச்செடுக்கக் கொடுப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. அந்த 4 பக்கத்தையும் அழிக்கப் போய்த்தான் நன்றாக இருக்கும் ஃபைலும் கெடுகிறது.

முதலில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்துங்கள். பத்திக் குறி, பேஜ் பிரேக், செக்‌ஷன் பிரேக் (ஆவணத்தைத் தனித்தனி பக்க அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிக்கும் குறி) எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெற்றுப் பக்கத்தில் பத்திக் குறிகள் வரிசைகட்டி நின்றால், என்டர் தட்டித் தட்டி அத்தியாயத்தைக் கீழே தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நெறியாளர் முதல் அத்தியாயத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னால் போதும், பின்னால் எல்லாம் இடம் மாறிவிடும். அந்த என்டர்களை அழித்துவிட்டு, அத்தியாயத் தலைப்புக்குரிய ஹெடிங் 1 ஸ்டைலின் பாராகிராஃப் அமைப்பில் ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ டிக் செய்யுங்கள். அதற்கு மேல் கன்ட்ரோல்+என்டர் அழுத்திப் போட்ட பேஜ் பிரேக்கையும் விட்டுவைத்தால் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் விழலாம்.

கடைசிப் பக்கம் அட்டவணையோடு முடிகிறதா? அட்டவணைக்குப் பின் ஒரு காலிப் பத்தியை வேர்டு கட்டாயம் வைத்திருக்கும். அதை அழிக்க முடியாது. இடம் இல்லையென்றால் அது புதுப் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலிப் பத்தியின் எழுத்தளவை 1 பாயின்ட் ஆக்கி, வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ 1 பாயின்ட் என்று கொடுத்து, பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை 0 ஆக்கினால் மேலே ஏறிவிடும்.

பெரிய சேதம் செக்‌ஷன் பிரேக்கை அழிப்பதால் வருவது. ஒரு செக்‌ஷனின் மார்ஜின், தாள் நிற்கும் விதம், ஹெட்டர், பக்க எண் எல்லாம் அந்தச் செக்‌ஷன் முடிகிற இடத்தில் உள்ள பிரேக்கில்தான் பதிவாகியிருக்கும். அகலமான அட்டவணைக்காக ஒரு பக்கத்தை லேண்ட்ஸ்கேப் (கிடைமட்டம்) ஆக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதற்கு முன்னால் உள்ள பிரேக்கை அழித்தால், மேலே உள்ள 40 பக்கமும் பின்னால் இருப்பதன் அமைப்பை எடுத்துக்கொண்டு படுத்துவிடும். பிரேக்கை அழிக்காதீர்கள், அதன் வகையை மாற்றுங்கள்: பிரேக்குக்கு அடுத்த செக்‌ஷனில் கர்சரை வைத்து, பேஜ் செட்டப் பெட்டியின் லேஅவுட் பகுதியில் ‘செக்‌ஷன் ஸ்டார்ட்’ என்பதில் தேவையானதைத் தேர்ந்தெடுங்கள்.

திரையில் தெரியாமல் பி.டி.எஃப்பில் மட்டும் முளைக்கும் பக்கம் பெரும்பாலும் ‘ஆட் பேஜ்’ (Odd Page) பிரேக்கின் வேலை; அடுத்த பகுதியை ஒற்றைப்படை எண் பக்கத்தில்தான் தொடங்கவைக்கும் பிரேக் இது. அத்தியாயம் 41-ஆம் பக்கத்தில் முடிந்தால், அடுத்தது 43-இல் தொடங்குவதற்காக 42-ஐ வேர்டு காலியாக விடும். அதில் ஹெட்டரும் எண்ணும் அச்சாகாது. இருபுறமும் அச்சடிக்கும்போது அது வேண்டிய பக்கம்தான். காலியாக இருக்கிறதே என்று கடையில் அதை நீக்கிவிட்டால், அடுத்த அத்தியாயம் தாளின் பின்புறம் தொடங்கும். பைண்டிங்குக்கு விட்ட அகல மார்ஜின் வெளிப்பக்கம் போய்விடும். ஒருபுறம் மட்டும் அச்சடிப்பதானால் ஆட் பேஜே தேவையில்லை, ‘நெக்ஸ்ட் பேஜ்’ போதும். வேர்டு போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபீஸில் இதற்கென்று தனி டிக் உண்டு: தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களை பி.டி.எஃப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று. எக்ஸ்போர்ட் செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பகுதிக்கு ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2 என்று போடும்போது, முந்தைய பகுதியின் ஹெட்டர், ஃபுட்டரையே தொடரவைக்கும் ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ஸை முதலில் அணைத்துவிட்டு அப்புறம்தான் எண்ணில் கை வைக்க வேண்டும். ஹெட்டருக்கும் ஃபுட்டருக்கும் அதைத் தனித்தனியே அணைக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

புத்தகமாக ஆஃப்செட்டுக்குப் போகிறதென்றால் கணக்கே வேறு. அச்சகத்தில் பக்கங்களைப் பாரம் பாரமாக, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் தொகுப்புகளாகக் கணக்கிடுவார்கள். 16 பக்கம் ஒரு பாரம் என்றால், 150 பக்க நூலுக்கு 10 பாரம், அதாவது 160 பக்கம். மிச்சமுள்ள 10 பக்கத்தை ஃபைலில் என்டர் தட்டி உண்டாக்க வேண்டாம். அச்சகத்தில் பக்கம் அடுக்கும்போது சேர்த்துக்கொள்வார்கள். காலியாக விட மனமில்லாத பதிப்பாளர் அங்கே தம் நூல் பட்டியலைப் போட்டுக்கொள்ளலாம்.