காற்று சஸ்பென்ஷனுக்குக் கைப்பம்ப்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் வீட்டில் இருக்கும்போது, சாலையின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கென்று தனியாக ஒன்று எதற்கு? இரண்டிலும் ஒரே வகை வால்வுதானே, பம்ப்பின் தலையும் பொருந்துகிறதே? பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. வால்வு ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கும் இடம் வேறு. டயருக்குள் லிட்டர் கணக்கில் காற்று அடைந்திருக்கிறது. சஸ்பென்ஷனில் அதிர்வை வாங்கும் குழலான ஷாக்குக்குள் இருப்பதோ ஒரு சிறு குவளையளவு. டயர் பம்பை ஒருமுறை அமுக்கினால் டயரின் அழுத்தம் ஏறியதே தெரியாது. அதே அமுக்கு ஷாக்கில் பல பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அலகு) ஏற்றிவிடும். பெட்ரோல் நிலையத்துக் கம்ப்ரஸர் இன்னும் மோசம்: கண்ணிமைக்கும் நேரத்தில் வரம்பைத் தாண்டி, காற்றைக் கசியாமல் காக்கும் ‘சீல்’ வளையத்தைப் பதம் பார்த்துவிடும்.

சஸ்பென்ஷனுக்கு வாங்கும் பம்ப்பை நான் ஓர் அளக்கும் கருவியாகவே பார்க்கிறேன். காற்றை உள்ளே தள்ளும் வேலையை எந்தப் பம்ப்பும் ஒருவழியாகச் செய்துவிடும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நம்பும்படி சொல்வதில்தான் தரம் தெரியும்.

அடுத்த தவறு, 300 பிஎஸ்ஐ வரை காட்டும் பம்ப்பை ‘எல்லாவற்றுக்கும் உதவும்’ என்று வாங்குவது. காற்று சஸ்பென்ஷன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. 1980இல் வந்த ஹோண்டா கோல்டு விங் ஜிஎல்1100 போன்ற வண்டிகளில் சுருள்வில்லுக்குத் துணையாகத்தான் காற்று இருந்தது, அழுத்தமும் குறைவு. ஹார்லி-டேவிட்சனின் நெடும்பயண வண்டிகளில் பல ஆண்டுகள் இருந்த பின்புறக் காற்று ஷாக்குகளும் 50 பிஎஸ்ஐக்குள் அடங்குபவை. மறுபுறம், மண்தடப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் வண்டிகளில் வரும் டபிள்யூபி நிறுவனத்தின் ஏஇஆர் 48 ஃோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழல்) வில்லே கிடையாது. அதன் இடது குழலில் இருக்கும் காற்றுதான் வில். அழுத்தம் 10 பார் அளவில், அதாவது 145 பிஎஸ்ஐ சுற்றி இருக்கும். மூன்று காற்றறைகள் கொண்ட ஷோவா நிறுவன ஃபோர்க்குகள் இன்னும் வம்பு பிடித்தவை: உள்ளறைக்கு மிக உயர்ந்த அழுத்தம், வெளியறைக்கு அதில் ஒரு சிறு பங்கு.

இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அழுத்தமானியின் பிழை, அதன் முழு அளவில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300 பிஎஸ்ஐ மானியில் அது 6 பிஎஸ்ஐ. 150 வைக்க வேண்டிய ஃபோர்க்கில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 15 வைக்க வேண்டிய ஷாக்கில் முள் சொல்வதற்கு அர்த்தமே இல்லை. உங்கள் கையேடு சொல்லும் அழுத்தம் மானியின் நடுப்பகுதியில் விழுமாறு பம்ப்பைத் தேர்ந்தெடுங்கள். டிஜிட்டல் திரை இருந்தால் துல்லியம் வந்துவிடும் என்பதும் மயக்கமே. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தைக் காட்டுவது வேறு, அந்த இலக்கம் சரியாக இருப்பது வேறு.

உயர் அழுத்தத்துக்குத் தடித்த உருளை உள்ள பம்ப்பை வாங்குகிறவர்களும் உண்டு. 32 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உருளையில் 10 பார் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள ஏறக்குறைய 80 கிலோ எடையின் விசை வேண்டும். ஆளே மேலே ஏறி நிற்க வேண்டியதுதான். 12 மில்லிமீட்டர் உருளையில் அது 11, 12 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. சஸ்பென்ஷன் பம்ப்புகள் ஒல்லியாக இருப்பதற்கு இதுவே காரணம். நிறைய தடவை அமுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு அமுக்கிலும் கொஞ்சமாக ஏறுவதுதான் நமக்கு வேண்டியதும்.

இனி, நானே ஏமாந்த இடம். மாலையில் 30 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, காலையில் பம்ப்பை மாட்டினால் 27 காட்டியது. மறுபடி 30 வைத்தேன், மறுநாளும் 27. சீல் கசிகிறது என்று முடிவுகட்டி ஷாக்கைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டேன். கசிவு எதுவும் இல்லை. பம்ப்பை மாட்டும்போது அதன் குழாயும் மானியும் காலியாக இருக்கின்றன. அவற்றை நிரப்பும் காற்று ஷாக்கிலிருந்துதான் போகிறது. ஷாக்கின் கொள்ளளவு 90 மில்லிலிட்டர், குழாயினுடையது 10 மில்லிலிட்டர் என்றால், மாட்டிய கணத்திலேயே 30 என்பது 27 ஆகிவிடும். கழற்றும்போது கேட்கும் ‘உஸ்’ சத்தமும் நல்ல பம்ப்பில் குழாயில் மிஞ்சிய காற்றுதான். ஆகவே, மாட்டியதும் தெரியும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். தேவையான அளவுக்கு ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள், போதும்.

ஆனால் ‘நல்ல பம்ப்பில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தலையைத் திருகிக் கழற்றும்போது முதலில் வால்வின் ஊசி மூடிக்கொள்ள வேண்டும், அதன் பிறகே ரப்பர் வளையம் பிடியை விட வேண்டும். மலிவான தலைகளில் இந்த வரிசை தவறி, ஷாக்கின் காற்றே வெளியேறிவிடும். தலை தளர்வாக நிற்கும் பம்ப்பை, மற்ற எல்லாம் அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடும் பொத்தான் இல்லாத பம்ப்பும் வேண்டாம். ஏற்றுவது போலவே இறக்குவதும் நுணுக்கமான வேலை. வால்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஃபோர்க் மூடியின் குழிக்குள், கைப்பிடியின் அடியில் இருந்தால் தடித்த தலை உள்ளே நுழையாது.

ஒரே பம்ப்பை எப்போதும் பயன்படுத்துவதும் முக்கியம். நண்பரின் மானி 10.4 பார் என்றும் உங்களுடையது 10.6 என்றும் காட்டினால், யார் சரி என்ற சண்டை வீண். உங்கள் மானியில் எந்த எண்ணில் வண்டி நன்றாகப் போகிறதோ, அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அளப்பது ஓடுவதற்கு முன், ஃபோர்க் ஆறியிருக்கும்போது, முன்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கட்டும். 20 டிகிரியில் 10 பார் வைத்த ஃபோர்க் 40 டிகிரிக்குச் சூடானால் முக்கால் பார் அளவுக்குத் தானாகவே ஏறிவிடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வாயு அடைத்த ஷாக் எல்லாம் காற்று சஸ்பென்ஷன் ஆகிவிடாது. பல பின்புற ஷாக்குகளின் தனிக் குப்பியில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருக்கும்; மூடியைத் திறந்தால் அதே வால்வு சிரிக்கும். அங்கே உங்கள் பம்ப்பை மாட்டினால், உள்ளே இருந்த சிறிதளவு நைட்ரஜனில் ஒரு பங்கு குழாய்க்குள் போய்விடும், அழுத்தமும் சட்டென்று விழும். பிறகு பட்டறையில் நைட்ரஜன் நிரப்பித்தான் வர வேண்டும். அந்த மூடியை மூடியபடியே விட்டுவிடுங்கள்.