சேலஞ்ச் காயினைத் தேய்க்காதீர்கள்: படைப்பணியின் நினைவு நாணயத்தைக் காக்கும் முறை

ஆப்கானிஸ்தானிலோ ஈராக்கிலோ பணியாற்றித் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் மேசை இழுப்பறையில் சேலஞ்ச் காயின் எனப்படும் உலோக வட்டு ஒன்று கிடக்கும். ஒரு பக்கம் படைப்பிரிவின் சின்னம், மறுபக்கம் பணியின் பெயரும் ஆண்டும். தளபதி கைகுலுக்கும்போது உள்ளங்கைக்குள் வைத்துக் கொடுத்திருப்பார். கடையில் இது செல்லாது. ஆனால் சாவிக்கொத்தோடு உரசிய கீறலும் மழுங்கிய விளிம்பும், கொடுத்த நாளிலிருந்து அது அந்த வீரருடைய பையிலேயே இருந்ததைச் சொல்லும். அதனால் அழுக்கை எடுங்கள், அரிப்பை நிறுத்துங்கள். தேய்மானத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் என்ன உலோகம் என்று பாருங்கள். இந்த நாணயங்கள் பெரும்பாலும் 38 முதல் 50 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. அளவு தடிமனும் கொண்டவை. அச்சில் அடித்தவை பெரும்பாலும் பித்தளை. துளைகளும் ஆழமான புடைப்பும் உள்ளவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மேலே பொன்முலாமோ நிக்கல் முலாமோ இருப்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட்டால் தெரிந்துவிடும். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் நாணயத்தை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் நாணயத்தின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுங்கள். 38 கிராம் நாணயம் தண்ணீரில் 4.5 காட்டினால் விடை 8.4, அது பித்தளை. விடை 6.6-ஐ ஒட்டி வந்தால் துத்தநாகக் கலவை. எனாமல் என்னும் வண்ணப் பூச்சு நிறைய இருந்தால் விடை கொஞ்சம் குறையும். காந்தத்தில் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு. நிக்கல் முலாம் மட்டும் இருந்தாலும் லேசாக இழுக்கும்.

அடுத்து வண்ணம். விரலால் தடவும்போது உலோகக் கோடுகள் மேடாகவும் வண்ணம் பள்ளமாகவும் தட்டுப்பட்டால் அது மென் எனாமல். எல்லாம் ஒரே மட்டமாக வழவழவென்று இருந்தால் கடின எனாமல். மேலே கண்ணாடி போலத் தெளிவான பூச்சு உப்பியிருந்தால் அது எப்பாக்ஸி. வெயில் பட்டால் மஞ்சளாகும். மென் எனாமலையும் எப்பாக்ஸியையும் அசிட்டோன் கெடுத்துவிடும், ஆகவே நகப்பூச்சு நீக்கியை அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது.

நம் வீடுகளில் பித்தளை என்றதும் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் அமிலம். மெல்லிய முலாமில் கீறல் இருந்தால் அதன் வழியே இறங்கி, அடியிலுள்ள துத்தநாகத்தைக் கரைக்கும். பித்தளையில் துத்தநாகம் போய்ச் செம்பு நிறத் திட்டு தெரியும். பல்பொடி, சாம்பல், பிராஸோ எல்லாம் முலாமையே அராவி எடுத்துவிடும். பள்ளங்களில் தெரியும் கருமையை அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் எழுத்து எடுப்பாகத் தெரிவதற்காகப் பட்டறையிலேயே ஏற்றிய நிறம் அது. போனால் திரும்ப வராது.

சுத்தம் செய்வதற்கு 250 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர், அதில் வாசனையில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் ஒரே சொட்டு. நாணயத்தை இரண்டு நிமிடம் மூழ்கவைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல் துலக்கியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஆப்கானிஸ்தானின் மாவு போன்ற புழுதியில் கல்துகளும் கலந்திருக்கும். அதைத் துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி கோடு விழும். சோப்பு போக இரண்டு முறை அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி, காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். எனாமல் ஓரத்தில் தங்கும் ஈரம்தான் பிற்பாடு வண்ணத்தைப் பெயர்க்கும். ஸ்டிக்கர் பசை இருந்தால் பஞ்சில் லிக்விட் பாரஃபின் தொட்டு பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்து, மறுபடி சோப்புத் தண்ணீரில் அலசுங்கள்.

பச்சைக் கறை இரண்டு வகை. பிசுபிசுப்பாக ஒட்டினால் அது பிவிசி உறையிலிருந்து கசிந்தது. உறையை அன்றே தூக்கிப் போடுங்கள். வெளிர் பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்த பிறகும் முளைத்தால் வியர்வை உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தைத் தின்கிறது. ஈரம் இல்லாவிட்டால் இந்த அரிப்பு நின்றுவிடும். ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் போதும். துத்தநாக நாணயத்தில் கொப்புளமும் வெள்ளைப் பொடியும் வரும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள், புது முலாமும் பூசாதீர்கள். உள்ளே அரிப்பு தொடரும், மேலிருந்த அசலும் போய்விடும்.

வைக்கும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. கம்பளித் துணியிலிருந்தும் ரப்பர் பேண்டிலிருந்தும் கந்தகம் வந்து உலோகத்தைக் கறுக்கவைக்கும். ஓக் மரமும் எம்டிஎஃப் பலகையும் அமில ஆவி விடும், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது தேங்கும். நாணயத்தை வைத்து மூடும் அக்ரிலிக் கேப்சூல் நல்லது. வெர்னியர் அளவியால் விட்டம், தடிமன் இரண்டையும் அளந்து வாங்குங்கள். விட்டம் மட்டும் பார்த்து வாங்கினால் மூடி முகப்பை அழுத்தும். கேப்சூலை ஒரு லிட்டர் காற்றுப்புகா டப்பாவில் 10 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் பச்சையானதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.

பதக்கமாக அணிய ஆசைப்பட்டால் துளை போடவோ பற்றவைக்கவோ கொடுக்காதீர்கள். துத்தநாகக் கலவை 390 டிகிரிக்குள் உருகிவிடும். விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் திருகு வளையம் போதும்.

அதே இழுப்பறையில் நாணயம் போன்ற அட்டை வட்டுகள் இருந்தால் அவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். உலோகச் சில்லறையை விமானத்தில் ஏற்றும் எடையைத் தவிர்க்க, அமெரிக்கப் படைமுகாம் கடைகள் 2001 முதல் 5, 10, 25 சென்ட் மதிப்பில் வெளியிட்டவை இவை. வீரர்கள் போக் என்பார்கள். இவற்றில் தண்ணீர் படக் கூடாது, லேமினேட் செய்யவும் கூடாது. பாலிப்ராப்பிலீன் உறையில் தனியாக வையுங்கள்.

கடைசி வேலை, நாணயத்தைப் பற்றி எழுதிவைப்பது. உரியவர் இருக்கும்போதே கேளுங்கள்: யார் கொடுத்தார், எந்த முகாம், எந்த மாதம், எதற்காக. நாணயத்தில் இருப்பது படைப்பிரிவின் பெயர்தான். அவருக்கு ஏன் கிடைத்தது என்பது அதில் இல்லை. அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதுங்கள். இரு முகங்களையும், எண் பொறித்திருந்தால் விளிம்பையும், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி படமெடுங்கள். கீறல்கள் அப்போதுதான் தெளிவாக விழும். தாளை டப்பாவுக்குள் வையுங்கள், கேப்சூலுக்குள் வேண்டாம்.